கீச்சிடும் பிரேக்

என் கியர் சைக்கிளில் பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதற்குக் கூசிய தம்பி, பாலத்து இறக்கத்தில்கூடப் பிரேக்கைத் தொடாமல் வந்தான். ஓசையைவிட அந்தக் கூச்சமன்றோ ஆபத்து!

பிரேக் கட்டை ரிம்மைப் பற்றியும் வழுக்கியும் அதிர்வதால் எழுவதே அவ்வொலி. ரிம்மின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புநீரால் கழுவித் துடைத்தேன். கட்டையில் பதிந்திருந்த உலோகத் துகள்களை ஊசியால் அகற்றி, வழவழத்த முகத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு பின்முனையில் மடித்த அட்டையைச் செருகி, முன்முனை முதலில் படுமாறு வைத்துத் திருகை இறுக்கினேன். அட்டையை உருவியதும் பின்னால் சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி, அவ்வளவே. நான்கு கட்டைகளுக்கும் இதே வைத்தியம். ஓசை அடங்கிற்று.

நண்பர்களே, ரிம்மின் பக்கம் தேய்ந்து குழிந்திருந்தால் மட்டும் இம்மருந்து போதாது. ரிம்மையே மாற்ற வேண்டும். கருவி கதறும்போது காதைப் பொத்தாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்!