நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

கார் என்பது செல்வர் வீட்டு அலங்காரமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. நோயாளியைத் தஞ்சைக்கோ மதுரைக்கோ அழைத்துச் செல்லவும், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளைத் திருச்சி விமான நிலையத்தில் எதிர்கொள்ளவும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் வாழும் நமக்கு அது இன்றியமையாத் துணையாகிவிட்டது. அத்துணை ஒருநாள் காரணம் தெரியாமல் நடுங்கத் தொடங்கினால் என்ன செய்வது? எங்கள் குடும்பம் கண்ட அனுபவம் பிறருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய டீசல் கார். எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு முதுகெலும்பில் தேய்மானம். மாதம் ஒருமுறை அறந்தாங்கியிலிருந்து தஞ்சை சென்று மருத்துவரைக் காண வேண்டும். சென்ற ஆண்டு கார் நடுங்கத் தொடங்கியதும் அந்தப் பயணமே அவருக்கு வேதனையாயிற்று. நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினோம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளையும், கிளட்ச்சையும், ஃபிளைவீலையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் எழுதித் தந்த தொகை, சவூதியில் பணிபுரியும் என் தம்பி இரண்டு மாதம் அனுப்பும் பணத்திற்கு ஈடாக இருந்தது.

முடிவு செய்யுமுன் என் தாயார் சொன்ன ஒரு சொல் எனக்கு வழிகாட்டிற்று. "ஓடும்போது ஒன்றுமில்லை அத்தா, ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் இடுப்பில் இடிக்கிறது" என்றார். வலி உணர்ந்தவரின் வாய்மொழியை மருத்துவர் முதலில் கேட்பது போல, காரின் நோய்க்கும் இதுவே முதற் குறிப்பு.

டீசல் எஞ்சின் இயல்பிலேயே சற்று அதிர்வது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வெஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு மடங்கும் அதற்கு மேலும் அழுத்தி, அதனால் எழும் வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதனால் ஒவ்வோர் அடியும் வலுவான அடி. நம் வயல்களில் ஆயில் எஞ்சின் எழுப்பிய ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில், நம் ஆலங்குடிப் பக்கம் விளையும் நிலக்கடலையின் எண்ணெயிலேயே ஒரு டீசல் எஞ்சின் ஓடியது என்பது சுவையான செய்தி.

இயல்பான அதிர்வையும் நோயின் நடுக்கத்தையும் பிரித்தறிவது எப்படி? அது காரின் வேகத்தோடு மாறுகிறதா, எஞ்சினின் சுழற்சியோடு மாறுகிறதா என்பதே முதற் கேள்வி. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை சுழல்கிறது. விளிம்பில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தாலே அவ்வேகத்தில் அது 3 கிலோ எடையளவு விசையோடு சக்கரத்தை உதறும். ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரங்களையும், இருக்கை நடுங்கினால் பின்சக்கரங்களையும் ஐயுறலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். எங்கள் காரோ நின்றபடியே நடுங்கியது. ஆகவே சக்கரங்கள் குற்றமற்றவை.

அறந்தாங்கியில் நாற்பது ஆண்டுகளாக டீசல் வண்டிகளோடு பழகிய மூத்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார், நடுக்கம் நிற்கவில்லை. கிளட்ச்சை மிதிக்கச் சொன்னார், மாற்றமில்லை. கிளட்ச் மீதான ஐயம் குறைந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்து முன்னும் பின்னும் கியர் போட்டபோது எஞ்சின் துள்ளவில்லை. "மவுண்டு தலையணை மாதிரி பாய். நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும், உண்டாக்காது" என்றார்.

பின்னர் விளக்கினார். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது 1,600 முறை எரிபொருள் வெடிக்கிறது. அவற்றுள் ஒரு சிலிண்டர் சோர்ந்தால் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது வினாடிக்கு ஏழு முறை போல, எஞ்சின் நொண்டுகிறது. வேகம் கூடும்போது அந்நொண்டல் கலந்து மறைகிறது. நிற்கும்போது உடலில் இடிக்கிறது. தாயார் சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று.

எரிபொருளைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வழியும் டீசலை நான்கு சிறு குப்பிகளில் பிடித்தார். மூன்று குப்பிகளில் சமமாகச் சிறிதளவு. மூன்றாம் சிலிண்டரின் குப்பியில் மட்டும் பாதிக்கு மேல். அதன் உள்வால்வு தேய்ந்து, சிலிண்டருக்குள் செல்ல வேண்டிய டீசல் திரும்பி வழிந்துகொண்டிருந்தது. அந்த ஒன்றைப் பழுதுபார்த்ததும் நடுக்கம் அடங்கிற்று. பட்டறையில் கேட்ட தொகையில் மிகச் சிறு பங்கே செலவு. அடுத்த மாதம் தாயார் தஞ்சை வரை உறங்கியே வந்தார்.

ஓர் எச்சரிக்கை. அம்பாசிடர் போன்ற பழைய டீசல் கார்களில், எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தினால் ஓசை மாறவில்லையோ அதுவே பழுதான சிலிண்டர். இன்றைய காமன் ரயில் எஞ்சின்களில் அவ்வாறு செய்வது பேராபத்து. அக்குழாயில் உள்ள அழுத்தம் டயர்க் காற்றைப் போல் பல நூறு மடங்கு. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். இச்சோதனைகளைத் தேர்ந்தவரிடமே விடுங்கள்.

வீட்டில் இருப்போர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நடுக்கம் நிற்கும்போதா, ஓடும்போதா? எத்தனை கிலோமீட்டர் வேகத்தில்? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா? கையில் தெரிகிறதா, இருக்கையிலா? பின் இருக்கையில் அமரும் பெரியவர்களையும் பெண்களையும் கேட்டு எழுதுங்கள். ஓட்டுபவர் உணராததை அவர்கள் உணர்ந்திருப்பார்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், "எந்தச் சோதனையில் இது தெரிந்தது?" என்று பணிவோடு கேளுங்கள். நேர்மையான தொழிலாளி அக்கேள்வியை மகிழ்ந்து வரவேற்பார். கடல் கடந்து உழைத்துப் பிள்ளைகள் அனுப்பும் பணமும் வீணாகாது.