தெளிந்த கள்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் எவருக்கும் ஒரு சிறு சங்கடம் உண்டு. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, பிழி, அரியல் என்று பாட்டுக்குப் பாட்டு எதிர்ப்படும் சொற்களை வகுப்பறையில் என்ன செய்வது? கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழும். அது முன்வரிசைக்கு வந்து சேருவதற்குள் அடுத்த அடிக்குப் போய்விட வேண்டும். 'தேறல் என்றால் தெளிந்த கள்' என்று உரை சொல்வதை ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுவதே இருபது ஆண்டுகளாக நான் கையாண்டுவந்த உபாயம். எதிலிருந்து தெளிகிறது, எப்படித் தெளிகிறது என்று ஒருமுறை ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டாள். "தேர்வுக்கு இது போதும்" என்றேன். ஆசிரியர்கள் சொல்லக்கூடாத வாக்கியங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் அதற்குத்தான் முதலிடம்.

சென்ற 2024 ஜூனில் பார்சிலோனாவில், என் தம்பி வீட்டுச் சமையலறையில், நானே என் கையால் ஒரு தேறல் செய்ய நேர்ந்தது. 'நேர்ந்தது' என்பது ஆசிரியத் தன்மையில் சொல்வது. உள்ளபடி சொன்னால், செய்தேன்.

தம்பி அங்கே பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறான். மனைவி அந்த ஊர்க்காரி; இரண்டு பிள்ளைகள். கௌதியின் தேவாலயத்தைப் பார்க்கப் போகிறேன் என்று கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். திருநெல்வேலியிலிருந்து நான் கிளம்பியதற்கு அம்மாவிடம் வேறொரு காரணம் இருந்தது. தம்பியின் திருமணப் படத்தில் அவன் கையில் உயரமான ஒரு கண்ணாடிக் குவளை. அந்தப் படத்தை அம்மா கூடத்தில் மாட்டவே இல்லை. வழியனுப்பும்போது, "ஏட்டி, அவன் குடிக்கானான்னு மட்டும் பாத்துட்டு வா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். ஐம்பது வயதை நெருங்கும் தமிழ்ப் பேராசிரியை கடல் கடந்து போனது இந்த ஒற்று வேலைக்குத்தான்.

ஜூன் 23 இரவு அங்கே புனித ஜோவான் திருநாளுக்கு முந்திய இரவு. தெருமுனைகளில் சொக்கப்பனைபோல நெருப்பு மூட்டுகிறார்கள். சிறுவர்கள் பகலிலேயே வெடி போடத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டால் தீபாவளிதான். சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகளும் பைன் பருப்பும் பதித்த 'கோக்கா' என்னும் நீளமான ரொட்டியை உண்டு, காவா என்னும் நுரைமதுவைக் குடித்து, கடற்கரையில் விடியவிடிய இருப்பது வழக்கம். தம்பி வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு பேருக்கு விருந்து. அவன் மனைவியின் அலுவலக நண்பர்கள் சிலர் வெளிநாட்டார் என்பதால் வெள்ளைத் திராட்சை மதுவில் சாங்ரியா செய்வதென்று முடிவாயிற்று. தம்பியின் மாமியார் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். சாங்ரியா சுற்றுலாப் பயணிகளுக்கானது என்பது அவர் கட்சி. இந்த ஊர்க்காரர்கள் வெயில் காலத்தில் சிவப்பு மதுவில் 'கசெயோசா' என்னும் இலேசான இனிப்புச் சோடாவை ஊற்றி 'தின்தோ தெ வெரானோ' என்று குடித்துவிட்டுப் போவார்களாம். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, விருந்தாளிகளுக்காகச் செய்வதென்றால் செய்யுங்கள் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. சாங்ரியா உலகப் புகழ் அடைந்ததில், 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்கில் அதைப் பரிமாறியதற்குப் பெரும் பங்கு உண்டு. பெயரின் வேர் 'சங்ரே', அதாவது இரத்தம். சிவப்பு மதுவின் நிறத்தால் வந்தது என்பார்கள். அப்படியானால் வெள்ளைச் சாங்ரியா என்பது வெள்ளைக் குருதி என்பதுபோல ஒரு முரண்தொடை. இந்த முரணுக்குத் தீர்வு எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் நறுமணமூட்டிய மதுவகைகளுக்கு ஒரு சட்டம் செய்தது. ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் செய்ததை மட்டுமே தனியாகச் 'சாங்ரியா' என்று பெயரிட்டு விற்கலாம், ஆல்கஹால் 4.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 12 விழுக்காட்டை எட்டாமலும் இருக்க வேண்டும். இதே முறையில் வெள்ளை மதுவில் செய்தால் அதற்கு அந்தச் சட்டத்திலேயே வேறு பெயர் இருக்கிறது: 'கிளாரெயா'. ஸ்பானிய அகராதியிலும் வெள்ளை மதுவோடு சர்க்கரை அல்லது தேன், இலவங்கப்பட்டை முதலிய மணப்பொருள்கள் சேர்த்த பழைய பானம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. அதன் அடிவேர் தெளிவைக் குறிக்கும் இலத்தீன் சொல். தெளிந்தது, தேறல்! இதைக் கண்டுபிடித்த நள்ளிரவில் தம்பியை எழுப்பிச் சொன்னேன். "காலையில சொல்லுக்கா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. தமிழில்தான் எழுதியிருந்தான். வெள்ளை மது மூன்று புட்டி. தட்டைப் பீச் ஆறு. பச்சை ஆப்பிள் ஒன்று. எலுமிச்சை இரண்டு, ஆரஞ்சு நான்கு. பச்சைத் திராட்சை ஒரு கொத்து. பட்டை ஒரு துண்டு. சீனி ஆறு கரண்டி. புதினா. சோடா ஒரு லிட்டர். அதற்குக் கீழே ஒரு வரி எழுதி, இரண்டு முறை குறுக்கே அடித்திருந்தான். அடித்ததற்கடியில் வாசிக்க முடிந்தது: பிராந்தி அரைத் தம்ளர்.

"நீ பழம் மட்டும் வெட்டித் தாக்கா. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

மதுவைப்பற்றி அவன் சொன்னவற்றை ஒரு மாணவியின் பணிவோடு கேட்டுக்கொண்டேன். மரப்பீப்பாயில் வைத்து முதிர்த்த விலையுயர்ந்த மது இதற்கு ஆகாது. பீப்பாயின் மணமும் பழத்தின் மணமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இளசாக, இனிப்பில்லாமல், கொஞ்சம் புளிப்போடு இருக்க வேண்டும். அவன் வாங்கியிருந்தது பக்கத்திலுள்ள பெனதேஸ் வட்டாரத்து மது. காவா செய்யப் பயன்படும் சரெல்லோ, மக்காபெயோ திராட்சைகளிலிருந்து வந்தது. சீனியை அப்படியே போட்டால் குளிர்ந்த மதுவில் கரையாமல் அடியில் தங்கிவிடும். முதலில் ஒரு கை வெந்நீரில் பட்டையோடு கரைத்து ஆறவைத்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சையையும் ஆரஞ்சையும் தோலோடு மெல்லிய வில்லைகளாக அரியலாம். தடித்த வெள்ளைச் சதை இருந்தால் நீக்கிவிட வேண்டும். ஊற ஊற அது கசக்கும்.

பராகுவாயோ என்று அங்கே அழைக்கப்படும் தட்டைப் பீச்சைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உளுந்தவடை அளவில், நடுவில் குழிந்து, பார்ப்பதற்கு யாரோ மிதித்துவிட்டதுபோல இருக்கும். கொட்டை சிறிது; சதை வெண்மை. கத்தி பட்டதும் எழும் வாசனைக்குத் தமிழில் சொல் இல்லை. எட்டுத் துண்டாக்கி உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் கறுக்காது. பழக்கதோஷத்தில் ஒரு வாழைப்பழத்தையும் கையில் எடுத்துவிட்டேன். "இது பஞ்சாமிர்தம் இல்லக்கா" என்று வாங்கி வைத்துவிட்டான். வாழைப்பழம் கரைந்து எல்லாவற்றையும் கலக்கலாக்கிவிடும். தேறல் தேறாது.

துண்டுகள் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தன. தம்பி மனைவி அதைப் பார்த்து வியந்து, எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். வீட்டில் என்றேன்.

வீட்டில்தான். அப்பா மாலையில் திண்ணையில் உட்காருவார். எவர்சில்வர் தம்ளர், செய்தித்தாளில் சுற்றிய பிராந்திப் புட்டி. பக்கத்துத் தட்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காயோ, கொய்யாவோ, வெள்ளரியோ. அம்மா அந்தத் தட்டைத் தொடமாட்டாள். அது அவள் அறப்போர். ஆகவே தட்டு என் வேலையாயிற்று. துண்டுகள் சமமாக இல்லையென்றால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். எட்டு வயதில் அரிவாள்மனையில் கீறிய தழும்பு இடது சுட்டுவிரலில் இன்றும் இருக்கிறது. அப்பா இறந்தபோது எனக்குப் பதினாறு, தம்பிக்குப் பத்து. அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். நினைவில்லாதவன் எளிதில் குவளையைக் கையிலெடுத்துவிட்டான் என்று உள்ளூர ஒரு கோபமும் இருந்தது. அந்த நினைவு முழுவதற்கும் நானே பாத்தியதைக்காரி என்பதுபோல.

ஊறுவதற்காக ஜாடியை உள்ளே வைத்தபின், சீட்டைக் காட்டிக் கேட்டேன்.

"இதை எதுக்கு அடிச்சிருக்கே?"

"அது வேண்டாம்க்கா. ரெண்டு ஆரஞ்சுச் சாறு கூடப் போட்டாப் போதும்."

"இங்க எல்லாரும் ஊத்துவாங்களோ?"

"ஊத்துவாங்க. நம்ம வீட்டுல கிடையாது." கத்தியைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னான். "அந்த வாடை எனக்கு ஆகாது."

"உனக்கு அப்போ பத்து வயசுதானலே?"

"சோடா வாங்கப் போனது யாரு?"

நான் அதை மறந்தே போயிருந்தேன். தெருமுனைக் கடைக்குக் கம்பிக்கூடையோடு ஓடுவது அவன் வேலை. இரண்டு கோலிச் சோடா. புட்டியைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு ஓட்டம். கடைக்காரர் அவனைச் 'சோடா' என்றே கூப்பிடுவார். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காக அவன் அழுதிருக்கிறான். எனக்குத் தட்டு நினைவிருந்தது, கூடை நினைவில்லை.

அதன்பின் நாங்கள் அதைப்பற்றிப் பேசவில்லை. குழந்தைகளுக்கான ஜாடியைத் தயாரித்தோம். மதுவுக்குப் பதிலாக அதில் 'மோஸ்தோ', அதாவது புளிக்காத திராட்சைச் சாறு. அங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. மோஸ்தோவையும் நம் மட்டுவையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுத என் கை துறுதுறுத்தது உண்மை. ஒலி ஒப்புமையை நம்பிச் சொல்லாராய்ச்சியில் இறங்கியவர்கள் எங்கே போய் விழுந்தார்கள் என்று நமக்குத் தெரியாதா? விட்டுவிட்டேன்.

யவனர் மது நம் நாட்டுக்கு வந்தது மட்டும் ஊகமில்லை. நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்திவர நாள்தோறும் மகிழ்வாயாக என்கிறார் (புறநானூறு 56). அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மது ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிசினும் களிமண்ணும் சேர்ந்த ஜாடியில் மாதக்கணக்கில் கடலில் ஆடிவந்த மது எப்படி இருந்திருக்கும்? கிரேக்கரும் உரோமரும் மதுவை நீர் கலந்தே குடித்தார்கள். தேனும் மணப்பொருளும் சேர்ப்பதும் உண்டு. பாண்டியன் பொற்கலத்திலும் ஏறக்குறைய ஒரு கிளாரெயாதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதற்குச் சான்று கேட்காதீர்கள்.

அங்கே ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகிறது. ஆறு மணி நேரம் ஊறிய ஜாடியை மாடிக்குக் கொண்டுபோனோம். பனிக்கட்டி போட்டால் உருகி நீர்த்துவிடும் என்று, உறையவைத்த திராட்சைகளைக் கொட்டினேன். புதினாவைக் கையால் ஒருமுறை தட்டிப் போட்டேன். சோடாவைக் கடைசியில், பரிமாறும் கணத்தில்தான் சேர்க்க வேண்டும். தம்பி மூடியைத் திருகினான். சீறல் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தேர்வுக்கூட மேற்பார்வையில் தேர்ந்த கண்ணால் அன்றிரவு அவனைக் கவனித்தேன். ஒன்றரைக் குவளை. அந்த அரையையும் யாரோ பேச அழைத்ததால் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புலம்பல் (புறநானூறு 235) நினைவுக்கு வந்தது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாக இருந்தால் நாங்கள் பாடத் தானும் உடன் மகிழ்வான் என்று அவள் தொடங்குவாள். அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் இது இலக்கியத்தில் மட்டும் நடக்கக்கூடியது என்று எனக்குள் ஒரு குரல் சொல்லும். கூடிக் குடித்தால் குடி குடியல்லாமல் போய்விடும் என்று இப்போதும் நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் கூடிக் குடித்தே வீடழிந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அந்த மாடியில் யாரும் தட்டை எறியவில்லை. எந்தக் குழந்தையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவில்லை. மாமியார் இரண்டாவது குவளைக்கு வந்தார், சுற்றுலாப் பயணியைப்போல.

நான் குடித்தேனா என்று கேட்பீர்கள். குழந்தைகளின் ஜாடியிலிருந்து இரண்டு தம்ளர். மறுநாள் காலை பெரிய ஜாடியைக் கழுவும்போது, அடியில் ஒட்டியிருந்த ஒரு பீச் துண்டு. மதுவின் வேகமெல்லாம் பழத்தில்தான் இறங்கியிருக்கும், குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதே என்று தம்பி எச்சரித்திருந்தான். மென்றேன். முதலில் இனிப்பு, பிறகு பட்டை, கடைசியில் தொண்டையில் ஒரு சிறு சூடு. தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

"சீனி ஒரு கரண்டி கூடிப்போச்சு" என்றேன்.

அம்மா பத்து மணிக்கு அழைத்தாள்.

"குடிக்கானாட்டி?"

"குடிக்கான்."

"எவ்வளவு?"

"ஒண்ணரைத் தம்ளர். பழம் போட்டு, சோடா ஊத்தி. பிராந்தி அவன் வீட்டுல கிடையாதாம்."

வெகுநேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"பழம் யாரு வெட்டுனா?"

"நாந்தாம்மா."

"கையில கிய்யில வெட்டிக்கிடலையே?" என்றாள்.