தானாகக் காயும் பிரஷ்

அம்மா முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மதுரையில் என் தங்கை வீட்டுக்குப் போன பதினோராவது நாள், அப்பாவின் சவரப் பிரஷ் நாற ஆரம்பித்தது.

முதலில் அது பிரஷ் என்று தெரியவில்லை. குளியலறை ஜன்னலில் ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று தேடினேன். சோப்புக் கிண்ணத்துக்குள் படுத்த வாக்கில், பழைய நுரையில் ஊறிக் கிடந்தது பிரஷ். எடுத்தால் நாலைந்து முடி கையோடு வந்தது. பன்றி முடியில் செய்த, மரக்கைப்பிடி வைத்த பிரஷ். அப்பா ஓய்வுபெறும் முன்பே வாங்கியது.

"இது எப்பவும் இப்படி நாறுமாப்பா?"

"இல்லையே. தானா காஞ்சிரும்."

அன்று இரவு அம்மாவிடம் போனில் கேட்டேன். அம்மா சிரித்தாள். தானாகக் காயும் அந்த பிரஷை அவள் என்ன செய்வாள் என்று சொன்னாள். அப்பா முகம் கழுவிவிட்டுப் போனதும் மூன்று தண்ணீரில் அலசுவாள். உதறுவாள். பழைய துண்டின் முனையில் வைத்து ஒற்றி எடுப்பாள். பிறகு கைப்பிடிக் கழுத்தில் நூல் கட்டி, முடி கீழே தொங்க, அடுப்படி ஜன்னல் கம்பியில் மாட்டுவாள். அடுப்புச் சூட்டில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். சாயங்காலம் நூலை அவிழ்த்து, குளியலறைப் பலகையில் கொண்டுபோய் நிற்க வைப்பாள். கல்யாணமாகி வந்த மறு மாதத்திலிருந்து செய்கிறாள். நாற்பத்தேழு வருடம். நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பெண்களின் வீட்டு உழைப்பைப் பற்றி வகுப்பெடுப்பவள். அந்த நூலை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருப்பேன், அது ஏதோ நூல்.

ஈரத்தோடு வைக்கும் பிரஷுக்கு என்ன ஆகும் என்பது எளிய விஷயம். முடிகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, அடியைப் பசையில் முக்கி, கைப்பிடிக் குழிக்குள் இறக்கியிருப்பார்கள். அந்த வேர்ப்பகுதியில் தண்ணீர் தங்கினால் பசை இளகும், மரம் உப்பும், முடி உதிரும், நாற்றம் வரும். தலைகீழாகத் தொங்கவிட்டால் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும் என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. முடிக்கு முடி இடையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும், எப்படி வைத்தாலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். முக்கியம் அதைச் சுற்றிக் காற்று ஓடுவது. பிரஷ் சாதாரணப் பொருளும் இல்லை. முதல் உலகப் போர் நடந்தபோது சரியாகச் சுத்திகரிக்காத குதிரை முடி பிரஷ்களால் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்கு ஆந்த்ராக்ஸ் நோய் வந்தது. முகத்தில் பிளேடு பட்ட கீறல் வழியாக உள்ளே போய்விடும்.

அப்பாவின் கைக்கு இப்போது நடுக்கம் உண்டு. நூல் முடிச்செல்லாம் அவருக்கு ஆகாது. நான் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும், எனக்கும் நேரமில்லை. இதெல்லாம் காரணமாகச் சொல்லலாம்தான். உண்மைக் காரணம் வேறு. அம்மா இரண்டரை மாதம் கழித்து வாக்கரோடு திரும்பி வருவாள். வந்ததும் அந்த நூலைத் தேடுவாள். அவள் தேடும்போது அந்த வேலையே வீட்டில் இருக்கக் கூடாது.

அப்பா விசைப்படகு மெக்கானிக். அவருடைய பட்டறைச் சுவரில் பழைய ஒலிபெருக்கிக் காந்தங்களைப் பதித்து ஸ்பேனர்களை ஒட்டி வைத்திருப்பார். இன்ஜினுக்கு அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரில் நட்டு விழுந்துவிட்டால், நூலில் கட்டிய காந்தத்தை இறக்கித் தூக்குவார். ஊரில் அதற்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். ஆக, காந்தமும் தெரியும், நூலும் தெரியும். ஸ்பேனர் தொலைவது அவர் கவலை. பிரஷ் நாறுவது ஒரு நாளும் அவர் கவலையாக இருந்ததில்லை. கவலையில்லாத இடத்தில் எந்த மெக்கானிக்கும் எதையும் கண்டுபிடிப்பதில்லை.

முதலில் நான் கடையில் சின்னச் சின்னக் காசு போலிருக்கும் நியோடிமியம் காந்தங்களை வாங்கினேன். விரல் நகமளவு, ஆனால் பேய்ப்பிடி. அலமாரிப் பலகையின் அடியில் ஒன்றை எம்-சீல் வைத்து ஒட்டினேன். பிரஷின் அடிப்பக்கத்தில் ஒரு வாஷர். உப்புக்காற்று என்பதால் துருப்பிடிக்காத எவர்சில்வர் வாஷராகப் பார்த்து வாங்கினேன், புத்திசாலித்தனமாக. ஒட்டவே இல்லை. காந்தம் கெட்டுப்போனதோ என்று கத்திரிக்கோலில் வைத்துப் பார்த்தேன், பாய்ந்து ஒட்டியது.

"எவர்சில்வர்ல எங்கடி காந்தம் ஒட்டும்?" என்றாள் அம்மா போனில். "பாத்திரக் கடைக்குப் போனா நான் முந்தானையில காந்தத்த முடிஞ்சுக்கிட்டுல்ல போவேன். ஒட்டுச்சுன்னா மட்டப் பாத்திரம், வாங்க மாட்டேன்."

நிக்கல் சேர்ந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, நிக்கல் இல்லாத மலிவு வகையில் ஒட்டும். அம்மா எட்டாம் வகுப்பு. நிக்கல் என்ற சொல்லை அவள் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா பட்டறைக்குக் காந்தம் வாங்கிவரும்போதெல்லாம் ஒன்றை அவள் எடுத்து வைத்துக்கொள்வாள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

சாதாரண இரும்பு வாஷருக்கு மாறினேன். துருவுக்குப் பயந்து அதன்மேல் எம்-சீலை அப்பி மூடினேன். இப்போது காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வந்துவிட்டது. காந்தத்தின் பிடி தூரத்தில் சட்டென்று தேய்ந்துபோகும். இரவு ஒரு மணிக்கு பிரஷ் வாளிக்குள் விழுந்த சத்தத்தில் அப்பா எழுந்து விளக்கைப் போட்டார். சுரண்டி எடுத்துவிட்டு, என் நகப்பூச்சை மூன்று பூச்சு பூசினேன். நின்றது. அடிப்பக்கம் சிவந்த பிரஷை அப்பா ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் காந்தமே போயிற்று. மேல் முலாம் கொப்பளித்து, உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் தினமும் சாலைப் பாலத்தில் போகும்போது பக்கத்தில் பழைய ரயில் பாலம் தெரியும். 1914இல் திறந்தது. உப்பரித்து உப்பரித்து, 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. அத்தனை பெரிய இரும்பையே தின்கிற காற்றிடம் நான் நகமளவு காந்தத்தை நம்பிக் கொடுத்திருக்கிறேன்.

"இங்க அது நிக்காது. ஸ்பீக்கர் காந்தம் எடு" என்றார் அப்பா. இந்த வேலையில் அவர் சொன்ன முதல் யோசனை. பரண்மேல் தகர டப்பாவில் மோதிர வடிவில் கறுப்பாக ஐந்து கிடந்தன. ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் கலந்து, பானை சுடுவது போலச் சூளையில் சுட்டு எடுப்பது. கிட்டத்தட்டத் துருவிலேயே செய்தது என்று சொல்லலாம், அதனால் இனி அது துருப்பிடிக்க வேண்டியதில்லை. பிடி குறைவு, ஆனால் பிரஷுக்கு அது போதும். பீங்கான் மாதிரி உடையும் என்பதுதான் ஒரே தொல்லை. முதலாவதை நான் திருகாணி முடுக்கி உடைத்தேன். இரண்டாவதற்கு சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அடியில் கொடுத்து, நடு ஓட்டை வழியாகப் பித்தளைத் திருகாணியை மெதுவாக முடுக்கினேன். பலகையின் அடியில் அது உட்கார்ந்தது. பிரஷைக் கொண்டுபோனால், டக். முடி கீழே பார்த்துத் தொங்கியது, நாலு பக்கமும் காற்று. நடுங்கும் கையாலும் மாட்டலாம், குறி தவறினாலும் காந்தமே இழுத்துக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேன். அவர் பிறந்த இடம். 2017இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை போட்ட பிறகு கார்கள் வரிசை கட்டுகின்றன. இடிந்த தேவாலயத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கைப்பையில் உடைந்த காந்தத் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து மணலில் உழுதேன். மையிட்ட புருவம் போலக் கறுப்புத் துகள்கள் சிலிர்த்து நின்றன, மேக்னடைட் போன்ற கனிமங்கள்.

அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரிதான் ஆணி பொறுக்குனோம்" என்றார்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன இரவு. அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. புயலின் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆணிக் கதையை இப்போதுதான் சொன்னார். ஊரே வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகு, ராமேசுவரத்தில் குடிசை போட ஆணி வேண்டும். எங்கோ கிடைத்த ஒரு காந்தத்துண்டைக் கயிற்றில் கட்டி, வீடுகள் இருந்த இடத்தில் மணல்மேல் இழுத்துக்கொண்டே நடந்திருக்கிறார். ஒரு டப்பா நிறைய.

"எல்லாம் வளைஞ்சுதானப்பா இருந்திருக்கும்?"

"ஆமா, பூராம் வளைஞ்சது. துரு வேற."

"யாரு நிமித்துனது?"

அப்பா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

"உங்கப்பத்தாதான். அம்மிக் கொழவியால. ராத்திரி பூரா டொக்கு டொக்குன்னு..."

அப்பத்தா அந்தப் புயலில் ஒரு குழந்தையை இழந்தவள். மற்றவர்கள் தூங்கியபோது ஒவ்வோர் ஆணியாகத் தட்டி நிமிர்த்தியிருக்கிறாள். நான் கேட்காவிட்டால் அந்தக் கதையில் ஆணிகள் தானாக நிமிர்ந்திருக்கும்.

ஊருக்குள் காந்தப் பிரஷ் பிரபலமாயிற்று. பார்க்க வந்த அப்பாவின் நண்பர் ஒருவர் மூன்று முறை மாட்டிப் பார்த்துவிட்டு, "கை நடுங்குனாலும் வேலைக்காரன் வேலைக்காரன்தான்யா" என்று அப்பாவின் தோளில் தட்டினார். அப்பா மறுக்கவில்லை. காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த நானும் மறுக்கவில்லை. மேடையில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் மைக்கைப் பிடுங்கியிருக்கிறேன். வீட்டுக்குள் வாய் எழவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்.

அம்மா வந்தாள். வாக்கரை ஊன்றி நேராகக் குளியலறைக்குத்தான் போனாள். பிரஷை இழுத்தாள், ஒட்டினாள், இழுத்தாள், ஒட்டினாள். முடியை விரலால் விரித்து வேர்வரை தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "இத நாப்பது வருசத்துக்கு முன்னாலயே செஞ்சிருக்கலாமுல்ல?"

"நீ கேக்கலையே" என்றார் அப்பா.

"கேக்கணுமாக்கும்."

உடைந்த காந்தத் துண்டை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அவளுடைய தையல் டப்பாவில் ஊக்கும் ஊசியும் அதில் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் எழுந்து வந்தபோது, அம்மா ஒரு கையில் வாக்கரையும் மறு கையில் ஆவி பறக்கும் வெந்நீர் டம்ளரையும் பிடித்து, அடுப்படியிலிருந்து குளியலறைப் பக்கம் அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தாள். டம்ளரை வாங்கி அடுப்பு மேடையில் திரும்ப வைத்தேன். "இங்க வை, அவரு வருவாரு" என்றேன். அம்மா என்னை நம்பாமல் பார்த்தாள்.

"அப்பா, வெந்நீர் அடுப்படில இருக்கு. வந்து எடுத்துக்கங்க."

பதில் இல்லை. நானும் அம்மாவும் அடுப்படியில் நின்றோம். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.