வெள்ளவத்தையில் வசந்தம் எப்ப வரும்?

தோட்ட வீடியோக்களில் காட்டுகிற 'ஸ்பிரிங்' எங்கட ஊரில் இல்லை. ரியூலிப் கிழங்கு பூக்க வேண்டுமென்றால் 12 தொடக்கம் 16 கிழமை வரை 10 பாகைக்குக் கீழே குளிர் பட வேண்டும். கொழும்பில் வருஷம் முழுக்க 27, 28 பாகை. பிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் கிழங்கை வைத்து அதை ஏமாற்றலாம்தான். ஒருமுறை பூக்கும், அதோடு சரி. நாங்கள் தேடினது வருஷா வருஷம் தானாகத் திரும்பி வருகிற பூக்கண்டுகளை.

இடம் என்று பார்த்தால் மரீன் டிரைவ் பக்கம் ஒரு வாடகை பிளாட்டின் பல்கனி, கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் பின்முற்றம். அவ்வளவுதான் தோட்டம்.

கொழும்புக்கும் ஒரு வசந்தம் இருக்கிறது. அது குளிர் விலகி வருவதில்லை, காய்ச்சல் விலகி வருவது. தை, மாசியில் மண் காயும். பங்குனியில் பின்னேரங்களில் இடி இடித்து மழை கொட்டும். முள்முருக்கு சிவக்கும். நாங்கள் கலியாண வீட்டில் கன்னிக்கால் நடுகிற முருக்கு, சிங்கள ஆக்களுக்கு எரபது. அது பூத்தால் சித்திரைப் புத்தாண்டு கிட்டவாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கணக்குக்கு மழை லில்லியைப் போல ஒத்துவருகிற கண்டு வேறில்லை. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது, சின்ன வெங்காயம் மாதிரிக் கிழங்கு. ஆழம் குறைந்த அகலச் சாடியில் இரண்டு அங்குல ஆழத்தில் நெருக்கமாகவே நடலாம், நெருக்கம் அதற்குப் பிடிக்கும். மண்ணோடு தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்தால் போதும். மாசியில் தண்ணியைக் குறைத்துக் காயவிட வேண்டும். காய்ந்து கிடந்த கிழங்கில் நல்ல மழை ஒன்று பட்டால், சில நாளில் இளஞ்சிவப்பாகச் சாடி நிறையப் பூ. ஒன்றிரண்டு நாளில் வாடிவிடும். அடுத்த மழைக்குத் திரும்ப வரும். குழாய்த் தண்ணி எவ்வளவு ஊற்றினாலும் மழைக்குப் பூக்கிற அந்தப் பூ வராது என்பது எங்கட அனுபவம்.

மல்லிகை வேறு சாதி. ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் கேட்கும், கத்தரிக்கோலும் கேட்கும். மார்கழியில் மழை ஓய்ந்ததும் ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டினால்தான் பங்குனி தொடக்கம் வைகாசி வரை மொட்டு. வெட்ட மனம் வராத ஆக்களிடம் இலைதான் இருக்கும்.

வெசாக் ஓர்க்கிட் மேல் எல்லோருக்கும் ஆசை. இலங்கைக்கு மட்டுமே உரியது, மே மாதத்தை ஒட்டிப் பூக்கும். காட்டிலிருந்து அள்ளி அள்ளியே அருகிப்போனது. றோட்டோரத்தில் மரப்பட்டையோடு யாராவது விற்றால் வாங்காதேங்கோ. பத்தரமுல்லை தியத உயனவில் கண்டு விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வளர்ப்பு ஓர்க்கிட்டுகள் கிடைக்கும்.

கடலைப் பார்த்த பல்கனி என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. மே மாதம் தென்மேல் காற்று தொடங்கினால் உப்பும் சேர்ந்து வரும், இலை நுனி கருகும். முன்வரிசையில் போகன்வில்லாவும் நித்தியகல்யாணியும் நிற்கட்டும், அதுகள் தாங்கும். மற்றவற்றை அவற்றுக்குப் பின்னால் வைக்கலாம். கொட்டாஞ்சேனை முற்றத்தில் உப்பு இல்லை, ஆனால் வெயில் மத்தியானத்தில் மட்டும் எட்டிப்பார்க்கும். மல்லிகைக்கு அது காணாது.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதேங்கோ. தேங்கின தண்ணியில் முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017 இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான்.

இதெல்லாம் கண்டின் பிரச்சினை. எங்கட பிரச்சினை வேறு. மல்லிகைச் சாடியைப் படியேற்றும்போது மேல்மாடி அன்ரி கேட்டா: "பிள்ளையள், வருஷத்துக்கு ஒருக்கா வீடு மாறுற உங்களுக்கு இது எதுக்கு?" நியாயமான கேள்வி. எங்கட குத்தகை ஒரு வருஷத்துக்குத்தான், மல்லிகை பத்து வருஷம் நிற்கும். வெள்ளவத்தையில் முற்றம் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து பிளாட்டாகின்றன. 2022 க்குப் பிறகு எங்கட கூட்டத்திலேயே பாதிப்பேர் வெளிநாடு. விசாவுக்குக் காத்திருக்கிற ஒருத்தி சீனியாஸ் விதை மட்டும் வாங்கினாள். "மூண்டு மாசத்தில முடிஞ்சிடும், அதுதான் நல்லது" என்றாள். அவளோடு வாதாட எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுத்த பங்குனியை நினைத்து ஒரு கிழங்கைப் புதைக்கிறபோது, அடுத்த பங்குனியில் இங்கேதான் இருப்போம் என்று கொஞ்ச நேரமாவது நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கை வேறு எதிலும் எங்களுக்கு இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை.

இந்த மார்கழியில் பிளாட்டை விடுகிறோம். மழை லில்லிச் சாடியைப் பிரித்து நான்காக்கியாயிற்று, ஒன்று கொட்டாஞ்சேனைக்கு, ஒன்று அன்ரிக்கு, இரண்டு எங்களோடு. மல்லிகைக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. வெயில் விழுகிற பல்கனி உள்ளவர்கள் சொல்லுங்கோ, வெட்டிவிட்டே தாறம்.