இரண்டு தகரப் பெட்டிகள்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டி எழுதியபோது, கல்லூரியின் பழம்பெருமை பற்றி எழுதவே முதலில் எண்ணினோம். அதனை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். ஆகவே எமது மோட்டார்ச் சைக்கிளிற் பூட்டியிருந்த இரு தகரப் பெட்டிகளின் வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம். எம்மிடம் படித்தோர் அவ்வண்டிக்குப் 'பொதிமாடு' என்று பெயரிட்டிருந்தனர். அது எமது செவிக்கு எட்டவில்லை என்று அவர்கள் இன்றும் நம்புகின்றனர்.

வண்டி ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானிய அஞ்சற் சேவகர் கடிதமும் பொதியும் சுமந்து வீடு வீடாகச் செல்வதற்கென ஆக்கப்பட்ட செந்நிற வண்டி அது. ஜப்பானில் உழைத்து ஓய்ந்தபின் இங்கு வந்து, வடபகுதியின் ஒழுங்கைகளெல்லாம் ஓடிற்று. கையால் அழுத்தும் கிளச்சு இல்லை. இயந்திரம் தாழ்ந்து கிடக்கும். 1990 இன் பின் வன்னிக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உதைத்து இயக்கி, அதன்மேல் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தப் புகையின் மணத்தை அக்காலத்தவருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1996 இல் கிளிநொச்சி நகரை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது நாமும் ஸ்கந்தபுரத்திற் குடிலமைத்தோம். பள்ளி மரநிழலில் நடந்தது. புத்தகம், வெண்கட்டி, வரவுப் பதிவேடு யாவும் நாள்தோறும் வண்டியிலேயே போய்வந்தன. தொடக்கத்தில் அவற்றை உரப்பையில் இட்டுப் பின் கரியரில் ஏற்றி, பழைய ரியூப்பை நாடாவாகக் கீறி வரிந்து கட்டினோம். பின்சில்லின் அச்சுக்கு அப்பால் எவ்வளவு பாரம் தொங்குகின்றதோ அவ்வளவுக்கு முன்சில்லு இலேசாகும் என்பதைப் பாடநூலில் நெம்புகோல் என்ற தலைப்பிற் கற்பித்தவர்கள்தாம் நாம். அக்கராயன் வீதி மணலில் கைபிடி எமது சொற்கேளாது திரும்பியபோதே அதனைக் கற்றோம். ஒரு மாதத்து வெண்கட்டி மாவாயிற்று.

பாரம் தாழ்ந்தும், அச்சுக்கு முன்னாகவும், இருபுறமும் ஒத்தும் இருத்தல் வேண்டும் என்று அதன்பின் தீர்மானித்து, அயலிலிருந்த கொல்லுப் பட்டறைக்குச் சென்றோம். மின்சாரம் இல்லாமையால் ஒட்டுவேலை நினைக்கவும் இயலாது. பட்டறைப் பெரியவர் பழைய பீப்பாத் தகரத்தை விரித்து மடித்து இரு பெட்டிகள் செய்தார். பட்டை இரும்பால் சட்டம் வளைத்து, அதிர்வுதாங்கியின் மேல் ஆணியிலும் கரியரிலும் பொருத்தினார். பெட்டிகள் இரண்டும் ஓட்டத்தில் அகன்று ஆடாதவாறு, இலக்கத் தகட்டின் கீழாகக் குறுக்குப் பட்டையொன்று ஓடிற்று. யாவும் ஆணி வைத்துத் தறைந்தவை. பணி முடிந்ததும் பெரியவர் பெட்டியைக் கையால் உலுக்கிக் காட்டி, "மாஸ்டர், இனி நீங்கள் விழுந்தாலும் பெட்டி விழாது" என்றார். அதனைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம்.

ஒரு பிழை அவ்வாரமே வெளிப்பட்டது. புகைக்குழாய் வலப்புறம் என்பதை இருவரும் மறந்திருந்தோம். வலப் பெட்டியின் அடி சுட்டு, இரவுப் படிப்புக்கென வாங்கிய மெழுகுதிரிகள் உருகி அப்பியாசக் கொப்பிகளோடு ஒன்றாயின. இடையே ஒரு தகடு வைத்து இரு விரல் இடைவெளி விட்டதும் அக்குறை நீங்கிற்று. மற்றப் பிழை வெளிப்படப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

2008 இன் பிற்பகுதியில் மீண்டும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டோம். தகரப் பெட்டியில் மழை புகாது என்பதால் அயலவர் பலர் தம் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எம்மிடம் ஒப்படைத்தனர். அவை வலப் பெட்டியில் நிறைந்தன. இடப் பெட்டியில் பள்ளியின் பதிவேடுகளும் தேசப்படங்களும். எமது அன்னையார் அயலவரின் உழவு இயந்திரத்தில் வந்தார். தருமபுரத்தில் அதற்கு எரிபொருள் தீர்ந்தது. எண்பதை எட்டிய அவரால் நடக்க இயலாது. கரியரிலே தலையணை வைத்து இருத்தலாம் என்றால், சேலையுடுத்த முதியவர் இடப்புறம் கால் தொங்கவிட்டே இருத்தல் வேண்டும். அங்கே பெட்டி நின்றது. கழற்றுவதற்கு அதில் ஒரு நட்டும் இல்லை.

உளியும் சுத்தியலும் இரவல் வாங்கித் தறைந்த ஆணிகளை ஒவ்வொன்றாக வெட்டினோம். அரைமணி நேரம் ஆயிற்று. எறிகணை ஓசை அண்மித்துக்கொண்டிருந்தது. அன்னையார் வீதியோரத்தில் அமர்ந்து, "என்னை விட்டிட்டுப் பிள்ளையளோட போ ராசா" என்று பலமுறை சொன்னார். நாம் மறுமொழி கூறவில்லை, வெட்டிக்கொண்டிருந்தோம். அன்று பெரியவரின் கைத்திறனை நாம் நொந்ததுண்டு. நொந்திருக்க வேண்டியது, கழற்றும் தேவை வரும் என்று எண்ணாத எம்மையே. குறுக்குப் பட்டையும் போனபடியால் வலப் பெட்டி ஆடிற்று. ரியூப்பால் வரிந்து கட்டினோம். இடப் பெட்டியைப் பதிவேடுகளோடு ஒரு பாலைமரத்தடியில் விட்டோம். ஒரு பதிவேட்டை மட்டும் அன்னையார் மடியில் வைத்துக்கொண்டார்.

2009 வைகாசியில் முல்லைத்தீவுக் கரையில் வண்டியும் நின்றுபோயிற்று. உறுதிகளைப் பொலித்தீனிற் சுற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டு செட்டிகுளம் முகாமை அடைந்தோம். உரியவர் ஒவ்வொருவராகத் தேடி வந்து பெற்றுச் சென்றனர். 2010 இல் ஊர் திரும்பியபின் தருமபுரத்தில் அப்பாலைமரத்தைத் தேடினோம், மரமும் இல்லை.

டெட் சைமன் என்னும் ஆங்கிலேயர் 1973 முதல் நான்கு ஆண்டுகள் மோட்டார்ச் சைக்கிளில் உலகைச் சுற்றி வந்ததைப் பின்னாளில் அறிந்தோம். இன்று அத்தகைய பயணத்துக்கென்றே வண்டிகளும் அலுமினியப் பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் படங்களைக் காணும்போது எமது கண் முதலிற் செல்வது பூட்டும் இடத்துக்கே. இப்போதைய எமது வண்டியிலும் இரு பெட்டிகள் உள. நாமே செய்தவை. ஒவ்வொன்றும் கையால் திருகும் இரண்டு நட்டுகளில் நிற்கின்றது. ஓட்டத்தில் அவை தளராதிருக்க ரப்பர் வளையம் இட்டுள்ளோம். எமது பேரன் நாற்பது எண்ணுவதற்குள் கழற்றிவிடுவான்.

வலப் பெட்டியில் இன்னும் ஒரு காணி உறுதி இருக்கின்றது. அதற்குரிய குடும்பத்தார் எவரும் இதுவரை வரவில்லை. கல்லூரிக்கு வரும்போதும் சந்தைக்குப் போகும்போதும் அது எம்மோடு வருகின்றது.