நோட் போகிற வழி

நவம்பர் 3
கேபினட் நோட்டின் வரைவுக்குச் சட்ட அமைச்சகம் சரி சொல்லிவிட்டது. இன்னோர் அமைச்சகம் மட்டும் இரண்டு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதியிருக்கிறது. எங்கள் செயலர் அவர்கள் செயலரிடம் போனில் பேசிப் பார்த்தார். இருவரும் ஒரே பேட்ச், விட்டுக்கொடுப்பார்களா? இனி கேபினட் செகரட்டரிதான். செயலர்கள் குழுவைக் கூட்டக் கேட்டுக் கடிதம் வரைந்து ஜே.எஸ். (இணைச் செயலர்) மேசைக்கு அனுப்பினேன்.

இரவு அப்பா போனில், "கேபினட் செகரட்டரிதான் உங்க எல்லாருக்கும் மேலதிகாரியாப்பா?" என்றார். ஐ.ஏ.எஸ்.ஸில் அதற்கு மேல் பதவி இல்லைதான். ஆனால் ஒவ்வொரு செயலரும் பதில் சொல்ல வேண்டியது தன் அமைச்சருக்கு. இவர் அவர்களைக் கூட்டி உட்கார வைக்கலாம், இழுபறியை முடித்து வைக்கலாம். 1950-ல் என்.ஆர். பிள்ளை முதல் ஆளாக உட்கார்ந்த நாற்காலி அது. அப்பாவுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை.

நவம்பர் 4
புதிதாக வந்த செக்‌ஷன் ஆபீசருக்கு மத்திய அரசு அலுவல்கள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் இரண்டு விதித் தொகுப்புகளையும் படிக்கக் கொடுத்தேன். எந்த வேலை யாருடையது என்பது ஒன்று; அதை எப்படி நடத்துவது என்பது மற்றது. இரண்டையும் காப்பது கேபினட் செயலகத்தின் பொறுப்பு.

பையன் கெட்டிக்காரன், நேரே இரண்டாவது தொகுப்பின் 12-வது விதிக்குப் போய்விட்டான். பிரதமர் அவசியம் என்று கருதினால் விதியிலிருந்து விலக அனுமதிக்கலாம். 2019 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை விடியற்காலையில் விலக்கிக்கொண்டது அப்படித்தான். அமைச்சரவையின் ஒப்புதல் பிறகு வந்தது. "அப்போ இத்தனை பக்கம் எதுக்கு சார்?" என்றான். நியாயமான கேள்வி.

நவம்பர் 7
செயலர்கள் குழு கூடியது. என்னைப் போன்றவர்களுக்கு வெளியே காத்திருக்கும் வேலை. சாயங்காலம் ஜே.எஸ். சொன்னது: ஆட்சேபத்தில் பாதி தீர்ந்தது, மீதி தீரவில்லை.

நவம்பர் 9
ஞாயிறு. பையன் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. முடிவு முதலில், அமைச்சரவை பிறகு என்பது முன்பும் நடந்ததுதான். 1975 ஜூன் 25 இரவே நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்தாகிவிட்டது. அமைச்சரவை கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு. கேபினட் செகரட்டரி பி.டி. பாண்டேவுக்கே விடியற்காலை போன் வந்தபோதுதான் தெரியும். நாட்டின் ஆக மூத்த அதிகாரி அன்று செய்ய முடிந்தது, முடிந்துபோன காரியத்துக்குக் கூட்டம் ஏற்பாடு செய்வது மட்டுமே. இந்தப் பதவியின் பலமெல்லாம் முடிவுக்கு முன்னால்தான். பின்னால் அவரும் எங்களைப் போல் ஒரு குமாஸ்தா.

டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் நினைவுக்கு வந்தார். தேவ கௌடா, குஜ்ரால், வாஜ்பாய் என்று மூன்று பிரதமர்களிடம் கேபினட் செகரட்டரியாக இருந்த தமிழர். ஓய்வுக்குப் பின் உச்ச நீதிமன்றம் போனார். வாய்மொழி உத்தரவை அதிகாரிகள் எழுத்தில் பதிய வேண்டும் என்று 2013 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பதவியில் இருந்தபோது செய்ததைவிட இதுதான் பெரிய காரியம் என்பேன். தீர்ப்பு அமலாகிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்; சென்ற மாதம்கூட ஒருவர், "ஃபைல்ல எழுத வேண்டாம், சும்மா பண்ணிடுங்க" என்றார். எழுதினேன்.

நவம்பர் 11
செயலர்கள் குழுக் கூட்டத்தின் மினிட்ஸ் வந்தது. அதன்படி நோட்டைத் திருத்தி இன்று அமைச்சரின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டோம். தீராத ஆட்சேபமும் எங்கள் பதிலும் அதில் அருகருகே இருக்கின்றன. ஆட்சேபத்தைச் சுருக்கலாமே என்று கேட்டார்கள். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. நான் அமைச்சராக இருந்தால் முதலில் அந்தப் பத்தியைத்தான் படிப்பேன்.