‘லாம்’ என்னும் ஈற்றெழுத்துகள்

மஞ்சட்காமாலை என்றதும் கல்லீரலைப் பற்றிய கவலை எழுவது இயல்பே. ஆனால் கல்லீரலிலிருந்து பித்தம் வடியும் பாதை அடைபட்டாலும் கண்கள் மஞ்சளாகும். அவ்வடைப்பைப் படத்தில் காணும் மருத்துவர் அஞ்சுவனவற்றுள் ஒன்று பித்தநாளப் புற்றுநோய்.

அதே தோற்றத்தைத் தரும் அரிய நிலை ஒன்றும் உண்டு. பித்தப்பையின் கழுத்திலோ அதன் சிறு குழாயிலோ சிக்கிய கல், அருகே செல்லும் பெரிய பித்தநாளத்தை வெளியிலிருந்து நெருக்கும். அழற்சியால் சுற்றுப்புறம் தடித்துவிட, படத்தில் அது கட்டிபோலவே தெரியும். அர்ஜென்டினாவின் கோர்தோபா நகர அறுவை மருத்துவர் பாப்லோ மிரிசி 1948-இல் விளக்கிய இந்நிலை, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1931-இல், அறுவையின்போதே பித்தநாளத்தில் சாயம் செலுத்திப் படமெடுத்த முன்னோடியும் அவரே.

எம் தமையனாருக்கு இது நேர்ந்தபோது, "புற்றுநோயாக இருக்கலாம்" என்றார் மருத்துவர். அச்சத்தில் இருப்போர் செவியில் அந்த ‘லாம்’ விழுவதில்லை. சிஏ 19-9 என்னும் இரத்த அளவும் உயர்ந்திருந்தது. கல்லால் வரும் அடைப்பிலும் அது உயரக்கூடும். பங்குத்தந்தை நோயிற்பூசுதல் அளிக்க வந்த அன்று, "எனக்கு என்னவாம்?" என்று தமையனாரே கேட்டார். மருத்துவர் சொன்னபடியே, அந்த ‘லாம்’ என்பதையும் சேர்த்துச் சொன்னோம். "அப்படியானால் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றார் அவர்.

பார்த்தார்கள். எம்.ஆர்.சி.பி. படம் கல்லைச் சுட்டியது. ஆயினும் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டென்பதால், அறுவை நடக்கும்போதே திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். கல்தான் என்பது அதன் பின்னரே உறுதியாயிற்று.

பெத்சாய்தாவில் ஆண்டவர் தொட்ட பார்வையற்றவருக்கு, முதலில் மனிதர் நடமாடும் மரங்களாய்த் தோன்றினர். அவர் அதைத் தெளிவென்று பாராட்டவில்லை, குருடென்று வருந்தவுமில்லை, கண்டதைக் கண்டபடியே சொன்னார். ஆண்டவர் மீண்டும் கை வைத்தார். அரைகுறையாய்த் தெரிவதை அரைகுறை என்றே ஒப்புக்கொள்வதும் விசுவாசத்தின் ஒரு முகம் என்பதை அந்நாட்களில் உணர்ந்தோம்.

அடுத்த கட்டிலில் இருந்த பெரியவருக்கு அதே வாரம் புற்றுநோய் என்றே முடிவாயிற்று. அவருக்காகவும் அவர் வீட்டார் செபித்தனர். ஆதலால், எம் மன்றாட்டு கேட்கப்பட்டது என்று உரக்கச் சொல்ல எமக்கு நா எழவில்லை. அன்றிரவுச் செபமாலையில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டோம்.